ரோல் கணக்கு போட்டுப் பார்த்தால்: மலிவான பழைய ஃபிலிம் கேமராக்களில் எது உங்களுக்கு?

பரணில் கிடக்கும் யாஷிகா எம்எஃப்-2 மாதிரி ஆட்டோ கேமராவுக்கே செல் (பேட்டரி) போட்டுப் பார்ப்பதா? செல்லே வேண்டாத ஒலிம்பஸ் ட்ரிப் 35-ஐத் தேடிப் பிடிப்பதா? யாஷிகா எலக்ட்ரோவா? எல்லோரும் சொல்கிறார்களே என்று பென்டாக்ஸ் கே1000-க்கே போய்விடுவதா? ஃபிலிமில் புதிதாகப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முட்டி நிற்கிற இடம் இது. இவற்றில் எதுவும் மோசமான கேமரா இல்லை. ஆனால் ஒன்று எடுக்கிற வெளிச்சத்தில் இன்னொன்று எடுக்காது. ஒன்றைப் பிரித்துச் சரிசெய்ய ஆள் கிடைப்பார், இன்னொன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

கேமராவின் விலையில் ஆரம்பிக்காதீர்கள். ரோலில் ஆரம்பியுங்கள். 36 படத்துக்கான கலர் ரோல் ஆயிரம் ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய ஐந்நூறு என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஒரு படத்துக்கு ஏறக்குறைய 42 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு மங்கலாகவோ இருட்டாகவோ போனால் ரோலுக்கு 500 ரூபாய் நஷ்டம். இரண்டாயிரம் ரூபாய் மலிவு என்று வாங்கிய கேமரா அப்படி வீணடித்தால், அந்த மிச்சம் நான்கே ரோலில் தீர்ந்துவிடும். ஆகவே இந்த ஒப்பீடு முழுக்க ஒரே கேள்விதான்: நீங்கள் எடுக்கிற இடத்தில், உங்கள் வெளிச்சத்தில், எந்தக் கேமரா குறைவாக வீணடிக்கும்?

## எதை வைத்து எடை போடுவது

வெளிச்சம். வீட்டுக் கூடத்தில் ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் கண்ணுக்குத் தாராளமாகத் தெரியும். ஃபிலிமுக்கு அது இருட்டு. ஐஎஸ்ஓ 400 ரோல் போட்டு (ஐஎஸ்ஓ எண் கூடினால் ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சம் போதும்), லென்ஸை எஃப் 2.8-ல் வைத்தால் (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை அகலம்) அங்கே பெரும்பாலும் ஷட்டர் வேகம், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் நேரம், 1/15 நொடிதான் கிடைக்கும், கை நடுங்கும். எஃப் 1.7 லென்ஸானால் 1/40-ஐத் தொடும், மூச்சைப் பிடித்து எடுத்துவிடலாம். லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதுதான் வீட்டுக்குள் எடுப்பவருக்கு முதல் அளவுகோல்.

ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் இல்லாத கேமராக்களில் நான்கு வழி உண்டு: நிரந்தரமாக ஒரே தூரம், தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைப்பது, இரட்டை உருவத்தை ஒன்றாக்கும் ரேஞ்ச்ஃபைண்டர், லென்ஸ் வழியாகவே பார்ப்பது. வரிசையில் போகப் போகத் துல்லியம் கூடும், வேகம் குறையும்.

மின்சாரம். செல் தீர்ந்தால் கேமரா நின்றுவிடுமா, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் நிற்குமா? அந்த செல் தெருமுனைக் கடையில் கிடைக்குமா?

பழுது. இவை எல்லாமே இருபத்தைந்திலிருந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்டவை. ‘பழுதாகுமா’ என்று கேட்பதில் பயனில்லை. எது பழுதாகும், அதை யாரால் சரிசெய்ய முடியும் என்று கேளுங்கள்.

| | யாஷிகா எம்எஃப்-2 வகை | ட்ரிப் 35 | எலக்ட்ரோ 35 | கே1000 |
|---|---|---|---|---|
| ஃபோகஸ் | நிரந்தரம் | நான்கு படக்குறிகள் | ரேஞ்ச்ஃபைண்டர் | லென்ஸ் வழியே |
| லென்ஸ் | 38 மிமீ | 40 மிமீ, எஃப் 2.8 | 45 மிமீ, எஃப் 1.7 | மாற்றலாம். பெரும்பாலும் 50 மிமீ, எஃப் 2 |
| செல் | இரண்டு ஏஏ | வேண்டாம் | 6 வோல்ட், அடாப்டருடன் | ஒரு எல்ஆர்44, மீட்டருக்கு மட்டும் |
| செல் இல்லாவிட்டால் | ஃபிளாஷ் இல்லை | பொருந்தாது | எல்லாம் 1/500 | ஷட்டர் முழுதாக வேலை செய்யும் |
| ராத்திரி வீட்டுக்குள் | ஃபிளாஷோடு மட்டும் | மறுத்துவிடும் | எடுக்கும் | எடுக்கும், சிரமத்தோடு |
| வழக்கமான நோய் | செல் கசிவு, ஃபிளாஷ் | செலினியம் சோர்வு, ஒட்டிய பிளேடு | ரப்பர் பேட், வயர் அரிப்பு | ஸ்பாஞ்ச், மெதுவான திரை |
| பழுது பார்ப்பது | பயனில்லை | எளிது | கடினம் | எளிது |

## பரணில் இருப்பது: யாஷிகா எம்எஃப்-2 வகை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணம், காதுகுத்து, பழனி யாத்திரை என்று நம் வீட்டு ஆல்பங்களை நிரப்பிய கேமரா வகை. விலை கொடுக்காமல் கிடைக்கும் என்பதால் முதலில் இதைப் பார்ப்பது நியாயம்தான்.

செல் அறையைத் திறந்து பாருங்கள். உள்ளே மறந்துபோன செல் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தேய்த்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தகடு முழுதாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். புதுச் செல் போட்டதும் ஃபிளாஷ் மெல்லிய கீச்சொலியோடு ஏறி, விளக்கு எரிய வேண்டும். பல வருடம் தூங்கிய ஃபிளாஷ் முதல் இரண்டு மூன்று தடவை மெதுவாக ஏறும், அது சகஜம். ஏறவில்லை என்று ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கும், செல்லைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

ஷட்டர் பொத்தான் அமுங்கவில்லை என்று இந்த வகையை நிறையப் பேர் குப்பையில் போடுகிறார்கள். இப்படிப்பட்ட எளிய கேமராக்கள் பலவற்றில் ஃபிலிம் நகர்ந்தால்தான் ஷட்டர் ஏறும். பின்கதவைத் திறந்து, பற்சக்கரத்தை விரலால் நிற்கும் வரை உருட்டிவிட்டு அமுக்கிப் பாருங்கள்.

பகலில் வெளியே, ஆறேழு அடி தள்ளி நிற்கும் மனிதர்கள். இதற்கு இது போதும். ஐந்தடிக்குள் நெருங்கினால் முகம் மங்கும். ஃபிளாஷை ஏழெட்டு அடிக்கு மேல் நம்ப வேண்டாம். ஐஎஸ்ஓ சுவிட்சைப் போட்டிருக்கும் ரோலுக்கு ஏற்ப வைக்க மறப்பதுதான் பாதிப் பிழைக்குக் காரணம்.

ஃபிலிம் உங்களுக்குப் பிடிக்குமா என்றே தெரியாதபோது இது சரியான தேர்வு. இதற்கென்று காசு கொடுத்து வாங்குவது சரியான தேர்வு இல்லை. பழுது பார்க்கும் கூலி கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

## ஒலிம்பஸ் ட்ரிப் 35

1967-லிருந்து 1984 வரை செய்தார்கள். லென்ஸைச் சுற்றித் தேனடை மாதிரி ஒரு கண்ணாடி வளையம் இருக்கிறதே, அதற்குப் பின்னால்தான் செலினியம் தகடு. வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் தரும். அதனால்தான் செல் வேண்டாம். ஷட்டரில் இரண்டே வேகம்: 1/200, 1/40. வெளிச்சம் இருந்தால் முதலாவதையும் குறைந்தால் இரண்டாவதையும் கேமராவே எடுத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) ஒரு சிவப்புக் கொடி எழும்பி, பொத்தானைப் பூட்டிவிடும். எடுக்க முடியாத படத்தை எடுக்கவிடாத கேமரா. ரோல் கணக்கு பார்ப்பவருக்கு இதைவிட நல்ல குணம் வேறு இல்லை.

தூரத்துக்கு நான்கு குறிகள்: ஒற்றைத் தலை (ஒரு மீட்டர்), இருவர் (ஒன்றரை), கூட்டம் (மூன்று), மலை. தெருவில் நடக்கும்போது கூட்டத்திலேயே வைத்துவிடுங்கள். நல்ல பகலில் அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8-ஐ ஒட்டி மூடியிருக்கும். அப்போது ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் துலங்கும். நிழலுக்கு வந்ததும் இந்தச் சலுகை சுருங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வீணாகும் ட்ரிப் படங்களில் பெரும்பாலானவை மரத்தடியிலோ மாலையிலோ, குறியை மாற்றாமல் எடுத்தவை.

இனி வாங்கும் இடத்தில் நடப்பது. விற்பவர் லென்ஸை உள்ளங்கையால் மூடிப் பொத்தானை அமுக்குவார், சிவப்புக் கொடி எழும்பும். “பாத்தீங்களா, செலினியம் சூப்பரா இருக்கு” என்பார். அந்தச் சோதனை எதையுமே நிரூபிக்கவில்லை. செத்துப்போன செலினியத்திலும் கொடி எழும்பும், எப்போதுமே எழும்பும். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அமுக்கும்போது கொடி வராமல் ஷட்டர் அடிக்க வேண்டும், அது முதல் சோதனை. இரண்டாவது சோதனைக்கு ஃபோனில் ஒரு மீட்டர் ஆப் போதும். கேமராவிலும் ஆப்பிலும் ஐஎஸ்ஓ 400 வையுங்கள், ஆப்பில் எஃப் 2.8. அறைக்குள் ஜன்னலை விட்டு மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டே அமுக்கிப் பாருங்கள். ஆப் 1/40-க்குப் பக்கத்தில் காட்டும் இடத்தில்தான் கொடி எழும்ப ஆரம்பிக்க வேண்டும். 1/125 காட்டும் இடத்திலேயே எழும்பினால் தகடு ஒன்றரை ஸ்டாப் சோர்ந்திருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). அப்படியும் வாங்கலாம், விலையைக் குறைத்து. சோர்ந்த தகடு வெளிச்சத்தைக் குறைவாக மதிப்பிட்டு அதிகமாகத் திறக்கும். கலர் நெகட்டிவ் அவ்வளவு அதிகத்தைத் தாங்கும். ஐஎஸ்ஓ வளையத்தை ஒரு படி மேலே வைத்தும் ஈடுகட்டலாம்.

மூன்றாவது சோதனை: பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியாக முதலில் வானத்தையும் பிறகு நிழலையும் பார்த்து ஷட்டரை அடியுங்கள். துளையின் அளவு மாற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு என்றால் அபெர்ச்சர் பிளேடில் எண்ணெய் ஒட்டியிருக்கிறது. இது ட்ரிப்பின் பிறவி நோய் மாதிரி. பழகியவர் லென்ஸைக் கழற்றித் துடைத்தால் தீர்ந்துவிடும்.

இதன் எல்லை பகல்தான். ஐஎஸ்ஓ 400-க்கு மேல் டயலில் இடம் இல்லை. கோயில் பிராகாரம், ராத்திரிக் கடைத்தெரு, வீட்டுக்குள் குழந்தை என்றால் கொடிதான் பார்ப்பீர்கள். ஃபிளாஷ் பொருத்தினால் எடுக்கும், ஆனால் அதற்காகவா ட்ரிப் வாங்கினீர்கள்?

## யாஷிகா எலக்ட்ரோ 35

எலக்ட்ரோ வரிசை 1966-ல் தொடங்கியது. சந்தையில் அதிகம் தென்படுவது 1973-ல் வந்த ஜிஎஸ்என். கையில் எடுத்தால் முக்கால் கிலோ. அந்த எஃப் 1.7 லென்ஸ் இந்த விலைக்கு வேறு எங்கும் வராது. நீங்கள் அபெர்ச்சரை வைத்தால், 30 நொடியிலிருந்து 1/500 வரை தேவையான வேகத்தை மின்னணு ஷட்டர் தானே கொடுக்கும். பொத்தானைப் பாதி அமுக்கும்போது மஞ்சள் அம்பு எரிந்தால் 1/30-க்குக் கீழே போகிறது, கையை ஊன்றுங்கள் என்று பொருள். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம், அபெர்ச்சரை மூடுங்கள். ஐஎஸ்ஓ 400 ரோலோடு நம் ஊர் நண்பகலில் எஃப் 8-ல் வைத்தால் சிவப்பு எரியும். எஃப் 16-க்குப் போனால்தான் அணையும்.

மாலைக்கும் வீட்டுக்குள் எடுப்பதற்கும் இந்த நான்கில் இதுவே முதலிடம், வேலை செய்யும் பட்சத்தில். சிக்கல் எல்லாம் அந்தக் கடைசிச் சொற்களில் இருக்கிறது.

முதலில் செல். இதற்கென்று வந்த 5.6 வோல்ட் பாதரச செல் இன்று இல்லை. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் செல் வேலை செய்யும், கூடுதல் 0.4 வோல்ட்டை இந்தச் சுற்று பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது பழையதைவிட ஒல்லி, நீளமும் கிட்டத்தட்ட இரண்டு செண்டிமீட்டர் குறைவு. அடாப்டர் வாங்கலாம். இல்லாவிட்டால் தடித்த காகிதத்தைச் சுருட்டி அதனுள் செல்லை இறுக்கி, மிச்ச இடத்துக்குப் பேனா ஸ்பிரிங் போன்ற ஒன்றைத் திணித்தால் போதும். பின்பக்கச் சோதனைப் பொத்தானை அமுக்கினால் மேலே படம் எண்ணும் ஜன்னல் பச்சையாக ஒளிர வேண்டும். ஒளிரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செல் அறையிலிருந்து மேலே போகும் வயர். பாதரச செல் கசிந்து உள்ளேயே அரித்திருக்கும்.

இரண்டாவது, இந்தக் கேமராவைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் பேசும் ரப்பர் பேட். உள்ளே ஒரு சிறு ரப்பர் துண்டு, ஒரு தண்டு வந்து அமரும் மெத்தை. ஐம்பது வருடத்தில் அது பொடிந்தோ பிசினாகியோ போய்விடுகிறது. தண்டு சரியான இடத்துக்குத் திரும்பாமல் ஷட்டரும் மீட்டரும் தாறுமாறாகின்றன. இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக இழுத்து முடிக்கும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு கனமான சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பேட் போய்விட்டது. விளக்கு எரிகிறது, ஷட்டர் அடிக்கிறது என்று விற்பவர் காட்டுவது உண்மையாகவே இருக்கும். படங்கள் மட்டும் ஒன்று இருட்டாகவும் ஒன்று வெளுத்தும் வரும். பேட்டை மாற்ற மேல்மூடியிலிருந்து பிரிக்க வேண்டும். அதைச் செய்த அனுபவம் உள்ள மெக்கானிக் எல்லா ஊரிலும் இல்லை.

கையால் வேகம் வைக்க இதில் வழியில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மின்னணு செத்தால் மிஞ்சுவது 1/500 மட்டும். நல்ல வெயிலில் எஃப் 8, எஃப் 11 என்று ஊகித்து ஓட்டலாம். லென்ஸின் பெருமையெல்லாம் அதோடு போச்சு.

ஆகவே என் கட்சி இது: சரிசெய்து, ஒரு ரோல் ஓட்டிக் காட்டி, மாதிரிப் படத்தோடு விற்கப்படும் எலக்ட்ரோவை இரண்டு மடங்கு விலை கொடுத்தும் வாங்கலாம். ‘சோதிக்கவில்லை’ என்று போட்டிருக்கும் எலக்ட்ரோவைப் பாதி விலைக்குக்கூட வாங்காதீர்கள். ‘சோதிக்கவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் ‘சோதித்தாயிற்று’ என்றுதான் பொருள்.

## பென்டாக்ஸ் கே1000, அல்லது அதன் பங்காளிகள்

1976-லிருந்து 1997 வரை ஏறக்குறைய மாறாமல் செய்யப்பட்ட எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா. ஒரு நொடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகமும் ஸ்பிரிங்காலும் பல்சக்கரத்தாலும் ஓடுபவை. செல் மீட்டரின் ஊசியை ஆட்ட மட்டும்தான். எல்ஆர்44 தீர்ந்துபோனால் ஃபோன் ஆப்பைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாவிட்டால் வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்து எண் என்ற பழைய கணக்கு: 200 ரோலுக்கு 1/250, 400-க்கு 1/500.

மீட்டருக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. இருட்டில் தானாக ஓயும். லென்ஸ் மூடியைப் போடாமல் மேசையில் வைத்தால் செல் கரையும். கே1000-ன் மீட்டர் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் பல, ஒரு சாதாரண லென்ஸ் மூடியால் தீருபவை.

இதில் நீங்கள் பார்ப்பதும் ஃபிலிம் பார்ப்பதும் ஒன்று. ஃபோகஸ் பிழைத்தால் கண்ணிலேயே தெரியும். ஊசி நடுவில் நிற்கும்வரை அபெர்ச்சரையும் வேகத்தையும் திருகித் திருகி, பத்து ரோலில் வெளிச்சம் கைக்கு வந்துவிடும். கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் மற்ற மூன்றும் இதற்குப் போட்டியே இல்லை. ஓடும் குழந்தை, தெரு நாய், பேருந்திலிருந்து இறங்கும் கூட்டம் என்றால் ட்ரிப் முந்திவிடும். நீங்கள் ஊசியை நடுவில் நிறுத்துவதற்குள் காட்சி முடிந்திருக்கும்.

வாங்கும்போது: பின்கதவைத் திறந்து 1/1000-ல் வைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்து அடியுங்கள். படச்சட்டம் முழுதும் வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு ஓரம் கறுப்பாகவே இருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, பாதிப் படம் இருட்டாக வரும். ஒரு நொடியில் வைத்து ஃபோன் ஸ்டாப்வாட்சோடு ஒப்பிடுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டது. இரண்டுமே சர்வீஸில் சரியாகும், அந்தக் கூலியை விலையில் பேசிக் கழியுங்கள். படம் எடுக்கும்போது உள்ளே எழும்பும் கண்ணாடி மோதும் இடத்திலுள்ள ஸ்பாஞ்சை விரல்நகத்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும்.

கே1000 என்ற பெயருக்கே இன்று ஒரு தனி விலை இருக்கிறது. அந்தப் பெயர் வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்பவருக்கு வழிகள் உண்டு. நிக்கான் எஃப்எம்10 அதே மாதிரி இயந்திர ஷட்டர், 1/2000 வரை போகும். நிக்கான் பெயரில் கொசினா என்ற நிறுவனம் செய்தது. உடல் பிளாஸ்டிக், கீழே போட்டால் மன்னிக்காது. யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000-மும் அப்படியே. அதன் வெளித்தோல் பொடிப்பொடியாக உதிரும், பார்த்துப் பயப்பட வேண்டாம், ரெக்சின் வெட்டி ஒட்டினால் முடிந்தது. ஜெனிட்-ஈ இவற்றைவிட மலிவு, லென்ஸும் நல்லது. ஆனால் அபெர்ச்சரை மூடினால் வியூஃபைண்டரும் இருண்டுவிடும், மிகக் குறைந்த வேகமே 1/30. பொறுமைசாலிக்கு மட்டும்.

## ஆக்ஃபா கிளிக் III பற்றி ஒரு வார்த்தை

தாத்தா வீட்டுப் பீரோவில் இந்தக் கறுப்புப் பெட்டி இருந்தால் விற்றுவிடாதீர்கள், ஆனால் முதல் கேமராவாகவும் எடுக்காதீர்கள். இது 120 ஃபிலிம் கேட்கும், ஆறுக்கு ஆறு செண்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டே படம். மேலே போட்ட அதே 1,500 ரூபாய்க் கணக்கில் படம் ஒன்றுக்கு 125 ரூபாய். எளிய லென்ஸ், வேகமும் ஒன்றே, அதுவும் மெதுவானது. 100-க்கு மேற்பட்ட ரோல் போட்டால் வெயிலில் நெகட்டிவ் கறுத்துவிடும். பின்னால் உள்ள சிவப்புச் சாளரத்தில் எண்ணைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். சுற்ற மறந்தால் ஒன்றின் மேல் ஒன்று. ஓரம் கரைந்து நடுவில் மட்டும் துலங்கும் அந்தச் சதுரக் கறுப்பு வெள்ளைப் படம் வேறு எதிலும் வராது என்பது மட்டும் உண்மை.

## பெட்டியில் எழுதாத செலவுகள்

பூஞ்சைதான் நம் ஊரில் முதல் எதிரி. டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் நூலிழை மாதிரி இரண்டு கீற்று இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் சிலந்திவலை என்றால் விட்டுவிடுங்கள், துடைத்தாலும் பூச்சை அரித்த தழும்பு போகாது. வாங்கிய பிறகு, கூடவே வரும் அழகான தோல் உறையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு அதுவே வீடு. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து மறுபடி போடலாம்.

பின்கதவு ஸ்பாஞ்ச் எல்லாக் கேமராவிலும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே வெளிச்சம் கசிந்தால் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கீற்று விழும். பழையதைப் பல்குத்தும் குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு சுரண்டி எடுங்கள், துணுக்கு ஷட்டரில் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை இரண்டு மடிப்பாக அமுக்கி வைத்தாலே போதும், வெளிச்சம் நிற்கும். கீல் பக்கத்துக்கு மட்டும் அகலமான ஸ்பாஞ்ச் வேண்டும்.

லேப் செலவில் கவனிக்க வேண்டியது: ஊரில் நடக்கும் லேப் சி-41 (கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறை) மட்டும் செய்யுமா, கறுப்பு வெள்ளையும் செய்யுமா? கூரியரில் அனுப்ப வேண்டும் என்றால் நான்கைந்து ரோல் சேர்த்து அனுப்புங்கள். நெகட்டிவைத் திருப்பித் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். மலிவு ரோல் என்று விற்கப்படுபவற்றில் சில, சினிமா ஃபிலிமை வெட்டிச் சுருட்டியவை. அவற்றின் பழைய சரக்கில் பின்பக்கம் கரிப்பூச்சு இருக்கும். சாதாரண சி-41 இயந்திரத்தில் போட்டால் அது கரைந்து மற்றவர் ரோலையும் கெடுக்கும். லேப்பில் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

பரணில் கேமராவோடு பழைய ரோலும் கிடைக்கலாம். 1967-லிருந்து ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ (INDU) என்ற பெயரில் செய்த ரோல்கூட எங்காவது ஒதுங்கியிருக்கலாம். பத்து வருடப் பழமைக்கு ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சம் என்பது பொதுவான கணக்கு. நம் வெயிலில் பரணில் வெந்த ரோலுக்கு அந்தக் கணக்கும் செல்லாது. கேமராவைச் சோதிக்க மட்டும் அதைப் போடாதீர்கள், கெட்டது ரோலா கேமராவா என்று கடைசிவரை தெரியாது.

## யாருக்கு எது

பகலில், தெருவில், பயணத்தில் எடுப்பவர், கணக்குப் போட விருப்பமில்லாதவர்: ட்ரிப். வீட்டுக்குள்ளும் மாலையிலும் மனிதர்களை எடுப்பவர்: சரிபார்த்த எலக்ட்ரோ. அது கிடைக்காவிட்டால் எஃப் 1.7 லென்ஸ் போட்ட எஸ்எல்ஆர், சற்றும் குறைவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர், பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர்: கே1000 அல்லது எஃப்எம்10. ஒரே ஒரு ரோல் போட்டுப் பார்க்க நினைப்பவர்: வீட்டில் இருக்கும் எம்எஃப்-2. இரண்டுக்கு நடுவில் ஊசலாடுகிறீர்கள் என்றால் எஸ்எல்ஆர் பக்கம் சாயுங்கள். கெட்டாலும் சரிசெய்யலாம், பிடிக்காவிட்டாலும் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் விற்றுவிடலாம்.

## முதல் ரோல்

ட்ரிப்புக்கும் எம்எஃப்-2-க்கும் ஐஎஸ்ஓ 200 கலர் ரோல். எலக்ட்ரோவுக்கும் எஸ்எல்ஆருக்கும் 400. எதுவானாலும் புதிய ரோல், முடிந்தால் 24 படத்தது.

ஃபிலிமின் நுனியைச் சுருளில் செருகி, இரண்டு பக்கப் பல்லிலும் துளை உட்கார்ந்ததைப் பார்த்தபின் கதவை மூடுங்கள். சுருட்டும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருகித் தொய்வை எடுங்கள். இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் மாட்டவில்லை. முழு ரோலும் வெறுமையாக வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

முதல் பத்துப் படத்தை வெயில், நிழல், ஜன்னலோரம், மாலை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வைத்த அளவை ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் வந்ததும் கேமராவின் நோயை அதிலிருந்து படிக்கலாம்: வெயில் படங்கள் மட்டும் வெளுத்திருந்தால் ஒட்டிய பிளேடு அல்லது மெதுவான ஷட்டர். கிட்டத்தில் எடுத்தவை மட்டும் மங்கியிருந்தால் உங்கள் தூரக் கணிப்பு, அல்லது ரேஞ்ச்ஃபைண்டர் விலகல். எல்லாப் படத்திலும் ஒரே ஓரத்தில் கீற்று என்றால் ஸ்பாஞ்ச்.

கடைசிப் படத்தில் லீவர் பாதியில் இறுகினால் பலம் கொடுக்காதீர்கள், ஃபிலிம் கேசட்டிலிருந்து பிய்ந்துவிடும். அடியில் உள்ள சிறு பொத்தானை அமுக்கிவிட்டு, குமிழை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். இறுக்கம் திடீரென்று தளரும் வரை, தளர்ந்தபின் இன்னும் இரண்டு சுற்று. அதற்கு முன் பின்கதவைத் திறக்க வேண்டாம்.